ஒன்பதாவது நிமிஷத்து உறுமல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு, எனக்குக் காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கதவுப்பிடி இருப்பதாக நாலு பத்தி எழுதியிருந்தாய். உடம்புக்கு முடியாதவர்களால் அப்படித் திட்ட முடியாது. ஆகவே நீ நன்றாக இருக்கிறாய், சந்தோஷம்.

"நான் எப்போ உங்களைத் திட்டினேன்?" என்று நீ முழிப்பது தெரிகிறது. முதலில் உட்கார். இணையத்தில் நடக்கிற முற்போக்கு ராக் இசை ரசிகர் மன்றத்தில், எழுபத்து நாலாம் வருஷத்தின் தலைசிறந்த இசைத்தட்டு எது என்று ஐந்து வாரமாக உன்னோடு மல்லுக்கு நிற்கிற 'ஏழாவது மாடி' என்ற ஆசாமி நான்தான். உன்னைப் பெற்ற அப்பன்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஆரம்பத்தில் செய்யவில்லை. நீ அனுப்பிய பழைய கணினியைத் திறந்தால் அந்த மன்றம் மூடப்படாமல் கிடந்தது, நீ உள்ளே 'கிடாரி' என்ற பெயரில் உட்கார்ந்திருந்தாய். கிட்டார் பிடிக்குமாம், அதனால் கிடாரியாம். கிடாரி என்றால் இன்னும் கன்று போடாத பசு என்று உனக்கு யாருமே சொல்லவில்லையா? சரி, அதை விடு. 'முற்போக்கு' என்ற வார்த்தையைப் பார்த்ததும் என் மகளுக்குச் சமுதாயச் சிந்தனை வந்துவிட்டதென்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே நானும் சேர்ந்து, "தோழர்களுக்கு வணக்கம். லிஃப்ட் பராமரிப்புத் தொழிலாளர் சங்கத்தில் பதினெட்டு வருஷம் செயலாளராக இருந்தவன். நமது உடனடிக் கோரிக்கைகள் என்ன?" என்று எழுதினேன். பல் டாக்டர் ஒருவர் இருக்கிறாரே, டிரம்ஸ் வாசிப்பவர், அவர் "பத்து நிமிஷத்துக்குக் குறைந்த பாட்டை ஒழிக்கணும் தோழர், அது ஒண்ணுதான் கோரிக்கை" என்று பதில் போட்டார். பதினான்கு பேர் சிரித்த முகம் போட்டார்கள். உன் அம்மா போன பிறகு நான் பேசி ஒருவர் சிரித்து நாலு வருஷம் ஆகிறது. பதினான்கு பேர் என்றால் சும்மாவா? அன்றைக்கே வெளியே வந்திருக்க வேண்டியவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள், அட்டையில் ஒட்டகச்சிவிங்கி குடை பிடித்திருக்கிறதே, உன் உயிருக்குயிரான அந்த இசைத்தட்டைக் கேட்டுப் பார்த்தேன். முதல் பாட்டு இருபத்து மூன்று நிமிஷம். பாதியில் எழுந்துபோய்த் துணி உலர்த்திவிட்டு வந்தேன், அப்போதும் அதே பாட்டு. "நல்ல பாட்டுதான், நாலு நிமிஷத்தில் முடித்திருக்கலாம்" என்று வெள்ளந்தியாக ஒரு வரி எழுதினேன். அதற்கு நீ அறுநூற்றுச் சொச்சம் வார்த்தையில் பதில் எழுதினாய். நான் எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீ போன் செய்வாயே, அது எப்படிப் போகும்? "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேம்மா." "மாத்திரை?" "போட்டாச்சும்மா." "வேலை அதிகம்ப்பா, அப்புறம் பேசறேன்." "சரிம்மா." ஒன்றே முக்கால் நிமிஷம். உன் அம்மா இருந்தவரைக்கும் நீங்கள் இருவரும் பேசி முடித்து மிச்சம் மீதி எனக்கு வரும், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது முழுப் போனும் எனக்குத்தான், அதற்குள் ஒன்றுமே இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஏழாவது மாடிக்கு அறுநூறு வார்த்தை! அதில் ஒரு இடத்தில், அந்தப் பாட்டின் பன்னிரண்டாவது நிமிஷத்தில் எல்லா வாத்தியமும் நின்று ஒரு புல்லாங்குழல் மட்டும் வரும்போது, புது ஊரில் தனி அறைக்குக் குடிபோன முதல் வாரம் ஞாபகம் வருகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வாரம் நீ அழுதாயாமே. எனக்கு அது தெரியவே தெரியாதேம்மா.

அன்றோடு நான் முடிவு கட்டிவிட்டேன். நீ எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்க்கட்சி. நீ ஒட்டகச்சிவிங்கி என்றால் நான் அட்டையில் ஏணி போட்ட இசைத்தட்டு. அந்த ஏணியும் எனக்கு ஒன்றும் தேனாகப் பாயவில்லை, தலைவலிதான் வந்தது. ஆனாலும் தினம் மத்தியானம் சமையலறை மேஜையில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி கேட்டேன். ஒரு பாட்டில் தாளம் ஏழு தட்டுக்கு ஒரு தரம் எங்கேயோ இடறியது. பேரிங் தேய்ந்த லிஃப்ட் இப்படித்தான் போகும் என்று எழுதினேன். "தாள வாத்தியம் படிக்காமலேயே ஏழு தட்டுத் தாளத்தைக் கண்டுபிடிச்சிட்டீங்களே!" என்று பல் டாக்டர் புல்லரித்துப்போனார். நாற்பது வருஷம் மோட்டார் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொன்னவனுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? இருந்தாலும் தலைக்கனம் ஏறிவிட்டது, அதுதான் வினையாகப் போயிற்று.

ஏணித் தட்டின் மூன்றாவது பாட்டு, ஒன்பதாவது நிமிஷம். எல்லாம் அடங்கின பிறகு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் கேட்டது. கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். அதை எழுதினதுதான் தாமதம், மன்றம் இரண்டாகப் பிளந்துவிட்டது. பல் டாக்டர் தனக்கும் கேட்கிறது என்றார். இன்னொருவர் அது வாத்தியக்காரரின் மூச்சு என்றார். ஒருத்தர் அது பூமி சுற்றுகிற சத்தத்தின் குறியீடு என்று கட்டுரையே எழுதிவிட்டார், அதை நான் மறுக்கவில்லை, என் தப்புதான். நீ மட்டும் ஒற்றை ஆளாக "இல்லவே இல்லை" என்று நின்றாய். ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிறவள் இல்லையா, புதிதாக ஹெட்போன் வாங்கி, குறிப்பேட்டில் தேதி போட்டு, அந்த நிமிஷத்தை இருபத்து மூன்று தடவை கேட்டிருக்கிறாய். மன்றத் தலைவர் கடைசியில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு, உறுமல் இல்லையென்று முடிவானால் வதந்தி பரப்பிய குற்றத்துக்காக ஏழாவது மாடியை நீக்குவது என்று அறிவித்துவிட்டார்.

இப்போது கேள். புதன்கிழமை நம் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோயிற்று. பாலை எடுத்து வெளியே வைத்துவிட்டு, எதற்கும் இன்னொரு தரம் என்று பாட்டைப் போட்டேன். ஒன்பதாவது நிமிஷம் வந்தது, போனது. உறுமலையும் காணோம், ஒரு மண்ணையும் காணோம். ஃபிரிட்ஜைப் பிரித்து, மோட்டாரைக் கிளப்புகிற ரிலே கருகிப்போயிருந்ததை மாற்றி, பிளக்கைச் செருகினேன். 'ம்ம்ம்' என்று ஆரம்பித்தது பார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருஷம் மோட்டாரோடு குடும்பம் நடத்தினவனுக்குச் சொந்த வீட்டு மோட்டார் தெரியலையே! வெளியே சொன்னா வெட்கக்கேடு. பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டில் அது ஒன்றுதான் சத்தம், அதோடே இருந்து இருந்து அது என் காதுக்குத் தனியாகத் தெரியாமல் போய்விட்டது. பல் டாக்டருக்கு எப்படிக் கேட்டது என்று மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை.

அன்றிலிருந்து மன்றத்தில் நான் வாய் திறக்கவில்லை. இதைக் கணினியில் எழுதினால் பழக்க தோஷத்தில் பாதியில் உன்னை எதிர்த்து எழுதிவிடுவேன் என்று பயந்துதான் காகிதத்தில் எழுதுகிறேன். நீ சொன்னதுதான் சரி. உறுமல் கிடையாது. நீயே தலைவரிடம் சொல்லி என்னை நீக்கச் சொல்லிவிடு, எனக்கு வருத்தமில்லை. வருத்தம் இருக்கிறது, ஆனால் பொறுத்துக்கொள்வேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே: ஞாயிற்றுக்கிழமை போனில் மாத்திரையை விசாரித்துவிட்டு ஒரு இரண்டு நிமிஷம் என்னோடு சண்டை போடு. நாலு பத்தி வேண்டாம், ஒரு பத்தி போதும். உன் குரலை நான் அவ்வளவு நீளமாகக் கேட்டு எத்தனையோ நாளாகிறதும்மா.

வேளைக்குச் சாப்பிடு. ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வை, காது ரொம்ப முக்கியம், அதை என்னைவிட யார் சொல்ல முடியும்? நீ எல்லா நலமும் பெற்று நிறைவாக வாழ வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
(ஏழாவது மாடி)

பி.கு.: இதை மடித்து உறையில் போட்டு முகவரியும் எழுதிவிட்டு, கடைசியாக ஒரு தடவை மன்றத்தைப் பார்த்துவிடலாமென்று திறந்தேன். கிடாரியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி. "சார், நாலு நாளா ஆளையே காணோமே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ஓட்டெடுப்பெல்லாம் வேண்டாம்னு தலைவர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க சொல்றது சுத்தப் பேத்தல்தான், ஆனா நீங்க இல்லாம சப்புன்னு இருக்கு. வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்தா சண்டை போடக்கூட எனக்கு வேற ஆள் இல்லை. எங்கப்பா இருக்கார். அவர்கிட்ட எதைச் சொன்னாலும் 'சரிம்மா'ன்னு முடிச்சிடுவார். தயவுசெஞ்சு வந்துடுங்க சார்."

இந்தக் கடிதத்தை நான் உனக்கு அனுப்பப்போவதில்லை. நான்தான் என்று தெரிந்தால் உனக்கு அந்த ஒரு ஆளும் இல்லாமல் போய்விடும். "உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. உறுமல் இருக்கிறது. அதுவும் இப்போது ஐந்தாவது பாட்டிலும் கேட்கிறது" என்று எழுதிப் போட்டுவிட்டேன். நீ பதில் எழுதிக்கொண்டிருப்பதாக மூன்று புள்ளிகள் குதிக்கின்றன. கால் மணி நேரமாகக் குதிக்கின்றன. பெரிய பதிலாக வரும் போலிருக்கிறது.