எல்லைக்கோடும் என் தூக்கமும்

எல்லைக்கோட்டுக்காக நாடுகள் சண்டை போட்டிருக்கின்றன. நானும் போட்டேன். நான் கேட்டது நிலமல்ல, தூக்கம்.

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. நான் காலையில் வீடு திரும்பும்போது என் மனைவி லோர்னா பல் மருத்துவமனை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். மகள் ஹேஸலையும் ஆறு வயது மகன் கஸ்ஸையும் பள்ளியில் விடுவது என் பொறுப்பு. பள்ளி ஊரின் மறுகோடியில். ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று எங்கள் பக்கத்துப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பள்ளி வாசலில் கார் வரிசை நகரும் வேகத்துக்கு நத்தைகூட ஹாரன் அடிக்கும். நான் ஸ்டியரிங்கில் தலை சாய்ப்பேன். பின்னால் இருப்பவர் என்னைத் துயிலெழுப்புவார். ஒருவழியாக வீடு வந்து படுத்தால், தெருவில் புல்வெட்டும் இயந்திரங்களின் கச்சேரி ஆரம்பமாகிவிடும்.

அப்போதுதான் எங்கள் தெருமுனையில் புதுப் பள்ளி எழும்பியது. எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி? கல்விக் குழு இரண்டு வரைபடம் போட்டது. கோடு ரயில் பாதையோடு போனால் எங்களுக்குப் புதுப் பள்ளி. ஓடையோடு போனால் பழையதே கதி. புதுப் பள்ளி என்றால் ஹேஸல் தம்பியைக் கைப்பிடித்து நடத்தியே கூட்டிப் போய்விடுவாள். நான் வந்ததும் கட்டையைச் சாய்க்கலாம்.

"லோர்னா, ரயில் பாதைதான் நல்ல கோடு."

"ஹேஸலுக்குப் பழைய பள்ளியில இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. பாட்டுக் குழு, சிநேகிதிங்க எல்லாம் அங்கதான்."

"புது இடத்துல புது சிநேகிதி கிடைப்பா."

"புதுப் பொண்டாட்டியும் கிடைப்பாளான்னு விசாரிச்சியா?"

நான் விசாரிக்கவில்லை.

பொதுக் கூட்டத்தன்று, சீக்கிரமே வேலைக்கு வரச் சொன்னார்கள் என்று அவளிடம் புளுகிவிட்டு, டை கட்டிக்கொண்டு போனேன். பேச ஆளுக்கு மூன்று நிமிடம். "இரவெல்லாம் உழைத்துவிட்டு, தினமும் காலையில் பிள்ளைகளை நானே பள்ளியில் விடுகிறேன்! எனக்கு அது பாரமே இல்லை! தகப்பனுக்குக் களைப்பு ஏது? பாவம், காரில் அடைபட்டுக் கிடக்கும் குழந்தைகள்!" என்று முழங்கினேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கே கண் கலங்கியது. தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம். கைதட்டல் ஓய்வதற்குள் வேலைக்கு ஓடினேன்.

ரயில் பாதை வென்றது. அன்று சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே படுக்கையறையில் கறுப்புத் திரைச்சீலை மாட்டினேன். லோர்னா கதவில் சாய்ந்து நின்றாள்.

"அன்னிக்குப் பிரமாதமா பேசினே வெர்ன். டைதான் கோணல்."

நான் ஏறி நின்ற ஸ்டூல் ஆடியது. "நீ... வந்திருந்தியா?"

"கடைசி வரிசை. பேசறதுக்கு நானும் பேர் குடுத்திருந்தேன். நீதான் ஓடிட்டியே."

"நீ என்ன பேசினே?"

"கோடு எங்க வேணா போகட்டும், கடைசி வருஷப் பிள்ளைங்க பழைய பள்ளியிலேயே முடிக்கட்டும்னேன். சரி, ஆனா பெத்தவங்கதான் கொண்டுவந்து விடணும், முடியுமான்னாங்க."

"உனக்கு எப்படி முடியும்? நீ விடிஞ்சதும் கிளம்பிடுவியே!"

"அதையும் சொன்னேன். இப்பப் பேசினாரே களைப்பே தெரியாத ஒரு அப்பா, அவர்தான் என் புருஷன்னேன். என்ன கைதட்டல்ங்கற! விதியாவே எழுதிட்டாங்க."

ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன். "போகட்டும். ஹேஸல் ஒருத்தியைத்தானே விடணும்? கஸ் நடந்து போயிடுவான்."

"ஆறு வயசுப் பிள்ளை தனியாவா? கூட்டிட்டுப் போறவளைத்தான் நீ கார்ல கொண்டு போறியே."

"அப்ப..."

"கவலைப்படாதே. புதுப் பள்ளி ஒரு மணி நேரம் தாமதமாத்தான் திறக்குமாம். ஹேஸலை விட்டுட்டு வந்து நிதானமா அவனை நடத்திக் கூட்டிட்டுப் போகலாம்."

இப்போது தினமும் காலையில் இரண்டு பள்ளிக்கூடம் போகிறேன். படிக்கிற வயதில் ஒன்றுக்கே ஒழுங்காகப் போகாதவன் நான்.