அப்பா நம்பர் சொன்னால்தான் வெள்ளரிக்காய்

வருகிற வாடிக்கையாளரை விரட்டுவதற்கென்றே கடை போட்டவர் என்று உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் மாமல்லபுரம் கடற்கரையில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். மற்றபடி போலீஸ்காரர்கள் முதல் சங்கு மாலை விற்கும் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் 'அப்பா நம்பர்'.

கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, கடலுக்கு இறங்கும் மணல் பாதை முடிகிற இடத்தில் நாலு சவுக்குக் கம்பும் மேலே ஒரு பழைய பிளெக்ஸ் பேனரும். அதுதான் கடை. விற்பது ஒரே பண்டம், வெள்ளரிக்காய்த் தயிர் சாலட். நீங்கள் போய் ஒரு தட்டு கேட்டால், முதலில் உங்கள் தலைமுடியைப் பார்ப்பார். முடி காய்ந்திருந்தால் இன்னும் கடலில் இறங்கவில்லை என்று அர்த்தம். உடனே கேள்வி வரும்.

"உங்கப்பா நம்பர் சொல்லு."

"எதுக்கு?"

"சொல்றவனுக்குத்தான் வெள்ளரிக்கா. சொல்லாதவன் போய்கினே இரு."

சொன்னால் அங்கேயே டயல் செய்வார். "நைனா, உம்புள்ள கடல்ல எறங்கறதுக்கு வந்துகீறான். வூட்ல சொல்லிட்டுத்தான் வந்தானா?" என்று கேட்டுவிட்டு போனைப் பையனிடம் நீட்டுவார். அதற்கப்புறம் அந்தப் பையன் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "இல்லப்பா, சும்மா கால் நனைக்கத்தாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

இப்படிப்பட்ட கடைக்கு எவன் போவான் என்று நினைப்பீர்கள். போனார்கள். சாலட் அப்படி. அந்தப் பாதையின் தலைப்பில் இருந்த லாட்ஜில் நான் அப்போது மேனேஜர். அந்த லாட்ஜுக்கு ஒரு குளிர்காலம் வந்து தங்கிய வெள்ளைக்கார அம்மாவுக்கு நம்மூர்க் காரம் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் அறையிலேயே வெள்ளரிக்காய் நறுக்கிச் சாப்பிட்டாள். காய்கறி வாங்கிக் கொடுக்கப் போன இவர், அவளிடமிருந்து செய்முறையையும், நூல் நூலாக இலை விடும் ஒரு கீரையின் விதையையும் வாங்கிக்கொண்டார். கடற்கரை மணலில் அது வருமா? திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து, பெயின்ட் வாளிகளில் நிரப்பி, புதினா கொத்தமல்லியோடு அதையும் வளர்த்தார். நாங்கள் அதை நூல் கீரை என்போம்.

கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டிச் சவுக்குக் கம்பில் தொங்கவிட்டிருப்பார். தண்ணீரெல்லாம் சொட்டிப்போய் உள்ளே வெண்ணெய் போலத் திரண்டு நிற்கும். வெள்ளரிக்காயைக் காகிதம் மாதிரிச் சீவி, உப்புப் பிசறி, மூடிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். வந்தவன் நெளிவான்.

"அண்ணாத்த, இன்னும் எவ்ளோ நேரம்?"

"தண்ணி வுடணும்."

"யாரு?"

"வெள்ளரிக்கா."

அது நிதானமாகத் தண்ணீர் விட்டு முடித்ததும், கைப்பிடியில் அள்ளிப் பிழிந்து, தயிரில் போட்டு, நசுக்கிய பூண்டு, மிளகு, எலுமிச்சை, அப்போதே கிள்ளிய கீரைகள் எல்லாம் சேர்த்துக் கலந்து, பாக்குமட்டைத் தட்டில் மலையாகக் கொட்டுவார். கேட்டதைப் போல இரண்டு மடங்கு. முழுக்கச் சாப்பிட்டால்தான் எழுந்திருக்க விடுவார். ஒருநாள் இந்தத் தாராளத்துக்குக் காரணம் கேட்டேன்.

"வயிறு முட்டத் தயிர் துன்னவன் அலையில ஓட மாட்டான் சார். படுத்துத் தூங்குவான்."

நிஜமாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையைச் சுற்றி மணலில் பத்திருபது இளைஞர்கள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ விபத்து என்று பதறுவார்கள்.

வயது வித்தியாசமெல்லாம் அவரிடம் கிடையாது. பேங்க் அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். தலையில் பாதி வழுக்கை. அவரிடமும் அப்பா நம்பர் கேட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே அச்சரப்பாக்கத்தில் இருக்கும் தன் கிழ அப்பாவின் நம்பரைச் சொன்னார். பெரியவர் எத்தனை வருஷமாக அந்த வாய்ப்புக்குக் காத்திருந்தாரோ தெரியாது. மகன் நீச்சல் கற்காதது, தன்னை வந்து பார்க்காதது, நிலத்தை விற்றது வரைக்கும் போனிலேயே விளாசிவிட்டார். அதிகாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்குப் போய் உட்கார்ந்தவர்தான், இறங்கவேயில்லை.

இன்னொரு தடவை கல்லூரிக்கு மட்டம் போட்டு வந்த பையனின் அப்பாவுக்கு போன் அடித்தார். மணி பத்தடி தள்ளிப் படகு நிழலில் ஒலித்தது. ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு நண்பர்களோடு வந்திருந்த அப்பா, கையில் பாட்டிலோடு எழுந்து நின்றார். அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு பேரும் உக்காருங்க, தண்ணி வுடட்டும்" என்றார் இவர்.

என் லாட்ஜ் முதலாளிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "இவன் அங்க ஒக்காந்துகினு இங்க ஒருத்தன் செத்தான், அங்க ரெண்டு பேர் செத்தான்னு சொன்னா, எவன் ரூம் போடுவான்? பேஜாரா கீது" என்று நாள் முழுக்கப் புலம்புவார். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்பா நம்பர் கடலைக் காட்டும் விதமே தனி. "அந்த நொரை தெரீதே, அங்க ஆவடிப் பையன். இப்பிடிக்கா வேலூர்க்காரங்க, அண்ணன் தம்பி. மேல பாத்தா சாதுவா கீது. கீழ இழுப்பு கீது." ஊரில் வழிகாட்டிகள் சிற்பங்களைக் காட்டுவார்கள். இவர் இதைக் காட்டுவார்.

அவருடைய மகனும் கடலில் போயிருப்பான் போல, அதனால்தான் இப்படி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பி, ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எனக்குக் கல்யாணமே ஆவல சார்" என்றார். முன்பு மீன்பிடிப் படகில் போய்க்கொண்டிருந்தவர். யாராவது மூழ்கினால் தேடி எடுத்துவரப் போலீஸ் இவரைத்தான் கூப்பிடும்.

"தூக்கிகினு வந்து கரையில போடறது ஒண்ணும் பெருசில்ல. அப்பால அப்பங்காரன் வருவான் பாரு, அதான். எல்லா அப்பனும் ஒண்ணுதான் கேப்பான். எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதான்னு. யாராண்ட கேக்கறான்? நான்தான எதுர்ல நிக்கறேன். அதான் சொல்லிடறேன், முன்னாடியே."

அதன்பிறகு நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

அந்தப் பையன் வந்தது ஒரு மாசி மாத ஞாயிறு. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் அறை எடுத்துத் தங்கி கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்று பையன்கள். மற்ற இரண்டு பேரும் நம்பர் கொடுத்து, திட்டு வாங்கி, இளித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது பையன் ஒல்லி, புதுச்சட்டை. அவனும் நம்பர் சொன்னான். இவர் டயல் செய்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று போன் சொன்னது.

"இன்னா நைனா, ரீல் வுடறியா?"

"இல்லண்ணாத்த. அப்பா நம்பர் அதான். அவரு எறந்துட்டாரு. வேற நம்பர் இல்ல."

நான் அப்போது தண்ணீர் கேனுக்காக அங்கே நின்றுகொண்டிருந்தேன். அப்பா நம்பரின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. போனை மடியில் செருகினார். மற்றவர்களுக்கு வைத்ததைவிட அதிகமாக அவனுக்கு வைத்தார். அவன் இன்னொரு தட்டு கேட்டான். அதையும் கொடுத்தார். "முட்டிக்கு மேல போவாத" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் மட்டும் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். இவர் வேட்டியோடு பாய்ந்தார். இழுப்பு அவரையும் சுருட்டிக்கொண்டு போனது. மீனவர்கள் படகை விட்டு அவரைத்தான் தூக்க முடிந்தது, பையனை முடியவில்லை.

சாயங்காலம், நண்பர்கள் தகவல் சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பஸ் பிடித்து அந்தப் பையனின் அம்மா வந்து சேர்ந்தாள். அழவில்லை. ஈர மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாட்ஜில் வந்து படுங்கள் என்றேன். "அவன் வராம நான் எங்க போறது" என்றாள். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அப்பா நம்பர் அவளுக்கு எதிரே போய்க் குந்தினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டார்.

"எம்மா, உம்புள்ள கடசியா எங்கிட்டதான் சாப்ட்டான். எல்லாராண்டயும் அப்பன் நம்பர் கேப்பேன். இவன் அப்பன் இல்லன்னான். அப்ப உன் நம்பரக் கேட்ருக்கணும். தோணல. வுட்டுட்டேன்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தோம். அடித்திருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னா சாப்ட்டான்?" என்று கேட்டாள்.

"வெள்ளரிக்கா. தயிர் போட்டு."

"வூட்ல வெள்ளரிக்காயத் தொடவே மாட்டானே."

"ரெண்டாந்தட்டு கேட்டு வாங்கித் துன்னாம்மா."

"எனக்காவச் சொல்றியா?"

"இல்லம்மா."

அவள் கடை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் குடு" என்றாள்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஈர வேட்டியோடு அவர் வெள்ளரிக்காய் சீவினார். உப்புப் பிசறி வைத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவளும் காத்திருந்தாள். கிள்ளியதில் பாதி கீரை மணலில் விழுந்தது. அவள் தட்டை வாங்கி ஒவ்வொரு வாயாக, ருசி பார்க்கிற மாதிரி, கடைசித் துணுக்கு வரைக்கும் சாப்பிட்டாள். "நல்லாத்தான் கீது" என்றாள். அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, தெற்கே கொக்கிலமேட்டுப் பக்கம் கடல் பையனைத் திருப்பிக் கொடுத்தது. அப்பா நம்பர்தான் தூக்கி வந்தார்.

அப்புறம் கடை திறக்கவில்லை. பேனர் கிழிந்து தொங்கியது. முதலாளி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கீரைகளுக்கு ஊற்றிவிட்டு வந்தார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "செடி இன்னா பண்ணுச்சு" என்றார். பிறகு ஒருநாள் குப்பத்துக்கே போய், "நீ இல்லாம எனக்குச் சண்ட போட ஆளில்ல. கடையத் தொற" என்று சொல்லி அப்பா நம்பரைக் கூட்டிவந்தார்.

திறந்த கடையில் சட்டம் கொஞ்சம் மாறியிருந்தது. அப்பா இல்லையென்றால் அம்மா நம்பர். அவளும் இல்லையென்றால், "என் நம்பர எழுதிக்கோ. தண்ணியவுட்டு ஏறினதும் எனக்கு போன் போடணும். போடலன்னா தேடிகினு வருவேன்." ஐந்து மணிக்கு மேல் அவர் போன் அடிக்கத் தொடங்கும். "அண்ணாத்த, ஏறிட்டேன்." "சரி" என்று வைத்துவிடுவார். பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு போன் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே "சரி"தான்.

பிறகு நான் செங்கல்பட்டில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். போன மாதம் மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். ஆள் இளைத்திருந்தார், இருமல் வேறு. என்னைப் பார்த்து "வா" என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு தட்டு வைத்தார், காசை வாங்க மறுத்தார், மனைவி பாதியில் போதும் என்றதற்குத் திட்டினார், அவ்வளவுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி கேட்டாள்: "இவரையா இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தீங்க? மனுஷன் சிரிக்கவே மாட்டாரா?"

"என்னைப் பாத்துச் சிரிச்சாரே" என்றேன்.

"எப்ப?"

"நீ கவனிக்கல."

அவர் சிரிக்கவில்லைதான். ஆனால் மனைவியிடம்கூட அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.