குழந்தை அறைக் காற்றைக் கருவிக்குக் காட்டிய கதை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் பிள்ளை, பேரன், கார் ஆகிய நால்வரும் நலம். அங்கே அத்தையின் முழங்கால் வலியும் என் மேல் உங்களுக்குள்ள கோபமும் சேர்ந்தாற்போல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் ஆசையாய் ஓட்டி, பொட்டு வைக்காத குறையாகத் துடைத்து எங்களுக்குக் கொடுத்த கார் உங்கள் பேரனுக்கு விஷம் வைக்கிறது, விற்க உத்தரவு கொடுங்கள் என்று போன மாதம் எழுதினேன் அல்லவா? இது அதற்கான மன்னிப்புக் கடிதம். பேரன் தூங்கிவிட்டான், எழுந்திருப்பதற்குள் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

பத்து மாதக் குழந்தை தினமும் இருமினால் பெற்றவள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாளா? மூன்று தடவை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "நெஞ்சுல ஒண்ணுமே இல்லம்மா, நீங்கதான் கொஞ்சம் நிதானமா மூச்சு விடணும்" என்று மூன்று தடவையும் எனக்கே வைத்தியம் சொன்னார். நான் விடவில்லை. நோட்டுப் போட்டு இருமலை எண்ணினேன். காலையில் இவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் உச்சம். கார் நிற்பதோ குழந்தை அறை ஜன்னலுக்கு நேர் கீழே. புகைதான் என்று முடிவுகட்டி ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். தரை, தொட்டில், கிலுகிலுப்பை என்று ஒன்று விடாமல் மூன்று வேளையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கப்பா கார என்ன வேணா சொல்லிட்டுப் போயிடுவியா? அது எவ்வளவு சுத்தமா எரிக்குதுன்னு நம்பரோட காட்டுறேன். தப்பா இருந்தா நானே வித்துடறேன், போதுமா?" என்று ஒரு கருவியை வாங்கி வந்துவிட்டார்.

விரல் நீளம்கூட இல்லை, மாமா. அதைப் புகைக்குழாயில் திருகிவிட்டால் போகிற புகையை மோந்து பார்த்தே, உள்ளே ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று சேர்ந்தது என்று ஒரு வட்ட மீட்டரில் சொல்லிவிடுமாம். ஏப்பத்தை வைத்தே பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று சொல்வது மாதிரி! நானும் வேதியியல் படித்தவள்தான்; ஆனால் பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு மறந்த சங்கதி ஒன்று உள்ளங்கையில் வந்து உட்காரும் என்று நினைத்ததில்லை. ஒரே ஒரு நிபந்தனை. மாட்டுவதற்கு முன் அதைச் சூடேற்றிச் சுத்தமான காற்று எப்படி இருக்கும் என்று ஒரு தடவை காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் பிறகு எல்லாக் கணக்கும். இவர் தெருவுக்குக் கிளம்பினார். நான் மறித்தேன். "சுத்தமான காத்துக்குத் தெருவுக்கா போவாங்க? அதுக்குன்னே நம்ம வீட்ல ஒரு ரூம் வெச்சிருக்கேன்ல?" என்று, சூடேற்ற ஒரு பழைய பேட்டரியோடு குழந்தை அறையில் வைத்து நடத்த வைத்தேன். துடைக்காமல் அங்கே ஒரு துரும்பு நுழைய முடியாது, உங்களையே துடைத்துத்தானே உள்ளே விட்டேன்? பேட்டரியையும் துடைத்தேன், கருவியின் மூக்கையும் ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகவே துடைத்தேன்.

ஒர்க்‌ஷாப் அண்ணன் குழாயில் வெல்டிங் வைத்து மாட்டினார். இவரும் அவரும் ஒரு சுற்று ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். இவர் முகத்தில் ஈயாடவில்லை. மிதித்து ஓட்டும்போது பன்னிரண்டு காட்ட வேண்டிய மீட்டர் பத்து காட்டியதாம். காற்று போதாமல் பெட்ரோல் எரியாமலே வீணாகப் போகிறது என்று அர்த்தமாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான் சொன்னப்ப யாராவது கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தேன். அண்ணன் எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். "இரும்மா. எரியாமப் போனா இது கரியா இருக்கணும். இது பளிச்னு இருக்கு. கார் பொய் சொல்லல, மீட்டர்தான் சொல்லுது. எங்க வெச்சு இதுக்குக் காத்துக் காட்டினீங்க?"

சொன்னேன். ஸ்பிரிட்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "இந்தச் சின்ன மூக்குக்கே அங்க மூச்சு முட்டியிருக்கு தங்கச்சி. புள்ள ராத்திரி பகலா அதுலயா இருக்கான்?" என்றார்.

கருவியைக் கழற்றி, தெருவில் அரசமரக் காற்றைக் காட்டி, மறுபடி மாட்டினார்கள். மிதித்தால் பன்னிரண்டு. என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார்கள். கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது பதினான்கு புள்ளி ஏழு; பெட்ரோலும் காற்றும் மிச்சமில்லாமல் எரிகிற அளவாம். நான் கண் சிமிட்டுவதற்குள் ஏறும், இறங்கும், தானே திருத்திக்கொண்டு அங்கேயே வந்து நிற்கும். ஒரு பாட்டில் பால் கலக்க நான் மூன்று தடவை கரண்டி எண்ணுகிறேன். இந்தக் கார் யாரையும் கூப்பிட்டுக் கத்தாமல் நொடிக்கு நொடி அளந்து ஊட்டுகிறது. போதாததற்கு அந்த டர்போ! வெளியே போகிற புகையையே பிடித்துச் சக்கரம் சுற்ற வைத்து, அதைக் கொண்டே உள்ளே காற்றை அடைக்கிறதாம். வாசல் தாண்டிவிட்ட விருந்தாளியையும் பிடித்து ஒரு குடம் தண்ணீர் இறைக்க வைக்கிற சாமர்த்தியம். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, மாமா.

வெல்டிங்கில் மயிரிழை அளவு கீறல் என்று அண்ணன் காரை நாலு நாள் வைத்துக்கொண்டார். இவர் பஸ்ஸில் போனார். நான் ஜன்னலைத் திறந்தேன், ஸ்பிரிட்டைக் கொட்டினேன். நாலு நாளாக நோட்டில் ஒரு இருமல் இல்லை! இன்று மாலைதான் கார் வீடு திரும்பியது. குற்றவாளி கார் அல்ல, நான்தான். விற்கும் பேச்சை இனி எடுக்கமாட்டேன். அத்தைக்கு என் வணக்கம். இருவரும் எங்களை மன்னித்து, வாழ்த்தி, சீக்கிரம் ஒருமுறை வந்து போக வேண்டும். இந்தத் தடவை துடைக்க மாட்டேன்.

என்றும் பணிவுள்ள,
மருமகள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் விடிந்துவிட்டது. இவர் காரைக் கிளப்பினார். இரவுக் குளிரில் கிடந்த எஞ்சின் "க்ஹும்… க்ஹும்" என்று இரண்டு தரம் செருமிவிட்டுப் பிடித்தது. ஜன்னலில் என் இடுப்பிலிருந்த உங்கள் பேரன் "க்ஹும், க்ஹும்" என்றான். மறுபடியும் இருமலா என்று நோட்டை எடுக்கத் திரும்பினேன். அவனோ கீழே எட்டிப் பார்த்து, பதிலுக்குக் காத்திருக்கிறான். "ஏங்க, நிறுத்திட்டு இன்னொரு தடவ போடுங்க!" என்று கத்தினேன். போட்டார். க்ஹும், க்ஹும். மேலிருந்தும் க்ஹும், க்ஹும், கைதட்டலோடு. எட்டுத் தடவை போட்டோம். எட்டுத் தடவையும் சொன்னான். ஆகவே டாக்டர் சொன்னது சரி. புகையும் இல்லை, ஸ்பிரிட்டும் இல்லை, மேலே நான் எழுதியதில் உருப்படியாக ஒன்றும் இல்லை. அம்மா, அப்பா, தாத்தா எல்லோரும் வரிசையில் நிற்கிறோம், மாமா. உங்கள் பேரன் முதன்முதலாகப் பேசத் தொடங்கியிருப்பது உங்கள் காரோடு.