ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட என் வீடு

வட்டத் தலைவரும் என் மனைவியின் அண்ணனுமாகிய வில்ஃப்ரிடோ மச்சான் சமூகத்துக்கு, ஒரு பாவமும் அறியாத ஒசேயாஸ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை எல்விட்டாவும் மிச்சமிருக்கும் கோழிகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நம் வட்டத்துக்கு மேற்கு எல்லை ஆறு என்று எந்தப் புண்ணியவான் எழுதிவைத்தானோ, அவன் வாயில் மண் விழ! என் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆறு, போன வார வெள்ளத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வாசலுக்கு முன்னால் வந்துவிட்டது. வீடு நகரவில்லை, நான் மட்டும் பக்கத்து எல் கார்மேலோ வட்டத்துக்காரனாகிவிட்டேன். அதுகூடப் போகட்டும். எத்தனையோ வருஷம் காத்திருந்து, நம் கோயில் புனிதர் சான் ரோகேயின் திருவிழாவை எடுத்து நடத்தும் முறை இந்த ஆண்டுதான் எனக்கு வந்தது. அதற்கென்றே ஒரு பன்றியைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன். ஊர்ச் சபையில், எனக்கு அடுத்த முறைக்காரனான அந்தத் தப்புயீமா எழுந்து, "வட்டத்துக்குள்ள குடியிருக்கறவன்தான் விழா எடுக்கணும். ஒசேயாஸ் இப்ப அசலூர்க்காரன். அந்த முறை எனக்குத்தான்" என்றானாம். நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தீர்களாம். வயிறு எரிகிறது மச்சான்.

"எங்கண்ணன் தலைவர்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே, இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெளிய போறது?" என்று எல்விட்டா அடுப்பே மூட்டவில்லை. இதற்கிடையில் எல் கார்மேலோ தலைவர் மேளதாளத்தோடு வந்து, "நம்ம வட்டத்துக்கு வந்ததுல ரொம்ப சந்தோஷம்ங்க" என்று முற்றத்தில் கொடி நட்டு, இரண்டு கோழிகளைத் தின்றுவிட்டுப் போனார். பன்றியோ ஆற்றை நீந்திக் கடந்து, ஊரின் கிழக்குக் கோடியில் தப்புயீமா வீட்டுக் கொல்லையில் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு இருக்கிற ஊர்ப்பாசம் உங்களுக்கு இல்லையே!

எனவே எல்லையை உடனே என் வீட்டுக்குப் பின்னால் தள்ளிப் போடும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். சான் ரோகேயும் அவர் காலடி நாயும் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அசலூர் மாப்பிள்ளை ஒசேயாஸ்

பி.கு.: இதைப் படகுக்காரனிடம் கொடுக்கலாமென்று காலையில் போனால் ஆற்றையே காணோம்! நேற்றைய மழையில் அது ஊரின் கிழக்குக் கோடிக்குப் போய், தப்புயீமா வீட்டுக்கு இந்தப் பக்கமாக ஓடுகிறதாம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். நீங்கள், உங்கள் அலுவலகம், கோயில், சான் ரோகே எல்லாரும் இப்போது என்னோடு எல் கார்மேலோ பக்கம். நம் வட்டத் தலைமையூரில் மிச்சம் தப்புயீமாவும் என் பன்றியும்தான். விழாவை நானே எடுக்கிறேன். அசலூர்க்காரன் என்று பார்க்காமல் அவனையும் அழைத்திருக்கிறேன், பன்றியோடு வரச் சொல்லி. எல் கார்மேலோ தலைவர் மேளத்தோடு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கோழிகளை ஒளித்துவையுங்கள்.