பிளக்கைப் பிடுங்கினாலும் ஓடும் பெட்டி

மனிதகுல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: தன் புகைப்படத்தை அடுத்தவன் கணினியில் வைத்திருந்த இருண்ட காலம், நம் கணக்குத் தணிக்கையாளர் தம் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல் படங்களைச் சேமிக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்த பிறகான காலம்.

"அடுத்தவன் மெஷின்ல குடும்பத்தையே கொண்டுபோய்க் குடிவைக்கிறவனுக்கு வெட்கமா இருக்காது?" என்று மனைவியிடம் கேட்டார். அதோடு விட்டாரா? இணைய நிறுவனத்திடம் இருந்த படங்கள், சான்றிதழ்கள் அனைத்தையும் பெட்டிக்கு மாற்றிவிட்டு, அங்கே இருந்ததைத் துடைத்து அழித்தும்விட்டார்.

மறுவாரமே மனைவிக்கு வேலைக்கான அழைப்பு வந்தது.

"ஏங்க, டிகிரி சர்டிஃபிகேட் காப்பிய சாயங்காலத்துக்குள்ள அனுப்பணுமாம். ஒரிஜினல் அம்மா வீட்டு லாக்கர்ல இருக்கு. உங்க பெட்டில இருந்து எடுத்துக் குடுங்க."

"நம்ம பெட்டின்னு சொல்லு."

கைபேசித் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டார். வட்டம் அசரவில்லை. கோபத்தில் பிளக்கைப் பிடுங்கினார். கல்யாண ஆல்பம் பளிச்சென்று திறந்தது.

"கரண்டே இல்லாம எப்படிங்க ஓடுது?"

"அதான் தரம்ங்கிறது" என்றார்.

சான்றிதழைத் தேடி விரலால் தள்ளினார். தாலி கட்டும் படத்தை அடுத்து ஒரு கடைவாய்ப்பல். அதற்கடுத்து முன்பல்லே இல்லாத ஒரு முழுத் தாடை எக்ஸ்ரே.

"யார் பல்லுங்க இது?"

"உன் தம்பியோடதா இருக்கும்."

"அவனுக்கு முன்பல்லெல்லாம் இருக்குங்க!"

"அப்ப எவனோ உள்ள பூந்துட்டான்!"

பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை இதுவரை மாற்றவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாற்றினார். யாரோ பழைய சொல்லைப் போட்டு நுழையப் பார்ப்பதாகத் திரை எச்சரித்தது. மறுபடியும் எச்சரித்தது.

"என்னா நெஞ்சழுத்தம் பாரு!" அந்த ஆளுக்கு நிரந்தரத் தடை போட்டார்.

சற்று நேரத்தில் எல்லாமே போயிற்று. பல்லும் இல்லை, கல்யாணமும் இல்லை. பதறிப்போய்ப் பிளக்கைச் சொருகினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒரு மண்ணும் வரவில்லை.

"பிடுங்கினா ஓடுது, சொருகினா நிக்குது. இதை நம்பி என் வேலையவே தொலைச்சுட்டீங்களே!" மனைவிக்குக் குரல் உடைந்தது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாடி வீட்டுப் பல் டாக்டர், வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"சார், உங்க பேச்சைக் கேட்டு உங்களோட சேர்ந்தே அதே பெட்டிய வாங்கினேன்ல? அதோட வந்த பாஸ்வேர்டுதான் போட்டிருந்தேன். இப்ப என்னையே உள்ள விடாம எவனோ பூட்டிட்டான்! பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிட்டு ஓடியாரேன். பெட்டி வந்த அன்னைக்கு உங்க நெட் போச்சுன்னு என் வைஃபைல ஏறினீங்களே, இன்னும் அதுலயா இருக்கீங்க? உடனே இறங்கிடுங்க சார், உங்களுக்கும் தொத்திக்கும். என் பேஷண்ட் பல்லுக்கு நடுவுல எவனோ ஒரு குடும்பத்தையே குடிவெச்சிருக்கான். மேக்கப்ல அடையாளம் தெரியல, ஆனா கல்யாணப் பொண்ணு அப்படியே உங்க வீட்டம்மா சாயல்!"

மனைவி மெல்லத் திரும்பிப் பார்த்தார். தணிக்கையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிளக்கைத் திருப்பிச் சொருகிடுங்க டாக்டர். பாஸ்வேர்டு நான் சொல்றேன். குடும்பம்... அங்கயே இருந்துட்டுப் போகட்டும்."