புகையில்லாத தண்ணீர் ரயில்

எங்கள் ஊரில் தண்ணீர் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சில ஊர்களில் மலை இருக்கிறது, சில ஊர்களில் கடல் இருக்கிறது. எங்கள் ஊரில் தண்ணீர் இல்லாமை இருந்தது. கிணறு தோண்டினால் உப்பு. இன்னும் தோண்டினால் பாறை. ஆகவே ரயில்வே நிர்வாகம் கருணை கூர்ந்து, ஆறு வருஷமாக வாரத்துக்கு மூன்று நடை, சரக்கு ரயிலில் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. நாற்பது டேங்கர்கள், முன்னால் ஒரு டீசல் என்ஜின். அந்த என்ஜின் ஒரு காலத்தில் என்ன நிறத்தில் இருந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊருக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் அது கரும்புகை கக்கிக்கொண்டு வரும். புகையைக் கண்டதும் குடங்களை எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்புவோம்.

அதை ஓட்டிவந்த டிரைவர் ஐம்பதைத் தொட்டவர். அளந்து பேசுகிறவர், அதுவும் கொஞ்சமாக அளந்து. அவருடைய அக்கா எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், என் எதிர்வீட்டுக்காரி. ரயில்வே யார்டிலும் அலுவலகத்திலும் நடந்ததெல்லாம் அந்த வழியாகத்தான் எனக்குத் தெரியும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ரயில்வே கோட்டத்தின் பெரிய அதிகாரி ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஹைட்ரஜனில் ஓடும் என்ஜினைக் காட்டியிருக்கிறார்கள். புகைக்குப் பதிலாக அது கொஞ்சம் நீராவி மட்டும் விட்டதாம். அந்த என்ஜின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கேயோ அது நல்லபடியாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அதைப் பார்த்து வந்த நாளிலிருந்து அதிகாரிக்குப் புகை ஆகாமல் போய்விட்டது. நம் கோட்டத்திலும் ஒன்று வேண்டும் என்றார். வந்தது. எந்த ரயிலில் பூட்டுவது என்று ஏழு பேர் கொண்ட குழு கூடி ஆராய்ந்தது. ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறார்கள். தண்ணீர் எந்த ரயிலில் இருக்கிறது? இப்படி ஒரு பொருத்தம் தேடினாலும் கிடைக்காது என்று குழு ஒருமனதாக எழுதிக் கொடுத்தது.

டேங்கர்களை நிரப்புகிற யார்டிலேயே ஹைட்ரஜன் பிளான்ட் கட்டினார்கள். தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். யார்டுக்கு வரும் மின்சாரம் விளக்கு எரியவே திணறுகிறது. எனவே ஓர் அறை அளவுக்கு ஜெனரேட்டர் வாங்கி, சுற்றிலும் தகர வேலி அடைத்து, வேலிக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். ஜெனரேட்டர் டீசலில் ஓடியது. கோப்புகளில் அதன் பெயர் "துணை ஆற்றல் ஏற்பாடு". அதன் புகைக்குழாயை அதிகாரிகள் நடக்காத பக்கமாக வளைத்து விட்டிருந்தார்கள்.

டிரைவர் அந்தக் குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டு, முன்பு என்ஜின் குடித்ததைவிட இது அதிகம் குடிக்கிறதே என்று பிளான்ட் என்ஜினியரிடம் கேட்டார். ஜெனரேட்டர் தண்டவாளத்தில் நிற்கவில்லை, ஆகவே அது ரயிலைச் சேராது என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

புது என்ஜின் பால் வெள்ளை. நெற்றியில் ஒரு பச்சை இலை வரைந்திருந்தார்கள். அதிகாரி கொடியசைக்க முதல் நடை கிளம்பியது. ஏற்றத்தில் பாதி ஏறி நின்றுவிட்டது. நாற்பது டேங்கர்களை இழுக்க அதனால் முடியவில்லை. நிர்வாகம் சற்றும் கலங்காமல் டேங்கர்களை இருபத்துநாலாகக் குறைத்தது. அதற்குப் "பாரச் சீரமைப்பு" என்று பெயர்.

யார்டுக்கு ஏரியிலிருந்து வருவது ஒரே குழாய். ஒரு நடைக்கு நாற்பது டேங்கர் தண்ணீர்தான் அதில் வரும். மிச்சப்பட்ட பதினாறும் பிளான்ட்டுக்குப் போனது. பிளான்ட் அவ்வளவையும் குடித்துவிடவில்லை. அதைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் பசுமை எரிபொருள் நிலையத்தைச் சுற்றிப் பசுமை இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. புல்தரை போட்டார்கள். வெறும் புல்தரை வெறிச்சென்று இருக்கிறது என்று நடுவில் நீரூற்று வைத்தார்கள். வெள்ளை என்ஜினில் தூசி பளிச்சென்று தெரிந்ததால் ஒவ்வொரு நடைக்கும் முன்னாலும் பின்னாலும் கழுவினார்கள். இருபத்துநாலு பதினைந்தாயிற்று, பதினைந்து ஒன்பதாயிற்று, ஒன்பது நாலாயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. நாலு டேங்கரோடு வந்த நாளில் ரயில் நாற்பது நிமிஷம் முன்னதாகவே வந்து சேர்ந்தது. அதிகாரி அகமகிழ்ந்து போனார். பாரம் குறையக் குறைய ரயிலின் செயல்பாடு மேம்படுகிறது என்ற உண்மை அவருக்கு அன்றுதான் புலப்பட்டது. அடுத்த மாதத்திலிருந்து பத்து டேங்கர்கள் வந்தன, பத்தும் காலி. காலியாக எதற்கு என்று சிலர் கேட்டதற்கு, பெட்டியில்லாமல் வந்தால் அதை ரயில் என்று எப்படிச் சொல்வது என்று பதில் வந்தது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஆரம்பத்தில் காலிக் குடங்களோடு ஸ்டேஷனை முற்றுகையிட்டோம். அதிகாரி நேரிலேயே வந்தார். எங்கள் குறைகளை நின்றுகொண்டே கேட்டார். பிறகு, நாட்டிலேயே முதல் "புகையில்லா நகரம்" எங்கள் ஊர்தான் என்று அறிவித்து, ஸ்டேஷன் வாசலில் ஆளுயரப் பலகை ஒன்றைத் திறந்துவைத்தார். நாங்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினோம். ஒரே வாரத்தில் மனைத் தரகர்கள் வந்து இறங்கினார்கள். குடிக்க வழியில்லாத ஊரில் குடியேற ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் மனை பார்க்க வரும் நாட்களில் குடங்களை வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும் என்று நலச்சங்கம் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். சங்கத்தின் செயலாளர் நான்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பார்கள்.

ஒருநாள் நர்ஸ் அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் நாலு ஆபரேஷன்களைத் தள்ளிவைத்துவிட்டதாகச் சொன்னாள். அன்று காலையில் ஒரு குழந்தை பிறந்ததாம். குழாயைத் திறந்தால் காற்று வந்ததாம். டிரிப்ஸ் ஏற்ற வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றைத் திறந்து, அந்த நீரில் துணியை நனைத்துக் குழந்தையைத் துடைத்திருக்கிறார்கள்.

"தண்ணி ரயில் டிரைவரோட அக்கான்னு வெளியில சொல்லவே கூச்சமா இருக்குடா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

டிரைவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பெரிய அதிகாரியைப் பார்க்கப் போனார். மூன்று மணி நேரம் காத்திருந்தபின் உள்ளே விட்டார்கள். ஆஸ்பத்திரி நிலவரத்தைச் சொன்னார். அதிகாரி அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டு, மேஜையிலிருந்து ஓர் அறிக்கையை எடுத்து நீட்டினார்.

"இதப் பாருங்க. புகை பூஜ்யம். தாமதம் பூஜ்யம். இந்த மாசம் புகார்கூட பூஜ்யம்."

"தண்ணியும் பூஜ்யம் சார்."

"அதுக்கு இதுல கட்டமே இல்லையே."

"ஒரு கட்டம் போட்டுக்கலாமே சார்."

"போடலாம். போட்டா அதுல பூஜ்யம்னு எழுதணும். இவ்வளவு நல்லா இருக்கிற அறிக்கைய நாமளே எதுக்குக் கெடுத்துக்கணும்?"

அதிகாரி எழுந்து வந்து டிரைவரின் தோளில் தட்டினார். நீங்கள் ஓட்டுவது தண்ணீர் ரயில் அல்ல, முன்மாதிரி ரயில். அதை மறக்காதீர்கள் என்று சொல்லி வழியனுப்பினார்.

பத்து நாள் கழித்து, யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. லாரி வேலைநிறுத்தத்தால் ஜெனரேட்டருக்கு டீசல் வரவில்லை. டீசல் இல்லாததால், டீசல் இல்லாமல் ஓடும் என்ஜின் ஓடவில்லை. பிளான்ட் என்ஜினியர் இந்த நிலைமையை மேலிடத்துக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் லீவு போட்டுவிட்டார்.

யார்டு மாஸ்டர் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். அதில் இல்லாத ஒன்றை வாழ்க்கையில் செய்ததில்லை. என்ஜின் பழுதானால் யார்டில் நிற்கும் வேறு என்ஜினைப் பூட்டிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. பழைய டீசல் என்ஜின் ஒரு மூலையில் பறவை எச்சத்தோடு நின்றது. அதைக் கழித்துக் கட்டியவர்கள், அதன் டேங்கில் இருந்த எண்ணெயை இறக்க மறந்திருந்தார்கள்.

"பாதி டேங்க் இருக்குங்க," என்றார் டிரைவர்.

யார்டு மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு நீரூற்றைப் பார்த்தார். நேரே போய், பிளான்ட்டுக்குப் போகும் வால்வை மூடி, டேங்கர்களுக்குப் போகும் வால்வைத் திறந்தார். திரும்பி வந்து, "என்ஜின் பழுது; மாற்று என்ஜின் பூட்டப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதினார்.

நாற்பது டேங்கர்களும் நிரம்பப் பகல் பதினோரு மணியாயிற்று. டிரைவர் என்ஜினைக் கிளப்பினார். மாசக்கணக்கில் தூங்கியது இரண்டு தடவை இருமிவிட்டு எழுந்துகொண்டது. ஏற்றத்தில் முழுப் பாரமும் பின்னால் இழுத்தபோது, பல மாதம் கழித்து ஒரு வேலை செய்வது போல இருந்தது என்று அவர் பிற்பாடு சொன்னார். அவ்வளவு பேசியதே அவருக்கு அதிகம்.

நாங்கள் புகையைப் பார்த்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஊரே ஸ்டேஷனில் நின்றது. சிலர் மட்டும் நாகரிகம் கருதி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார்கள். மற்றொரு கையில் குடம் இருந்தது. ஆஸ்பத்திரித் தொட்டி வழிய வழிய நிரம்பியது. நர்ஸ் அக்கா குழாயடியில் புடவையோடு நின்று நனைந்தாள். தம்பியை வீட்டுக்கு அழைத்துப் போய், பரிமாறிவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் பதினெட்டுக் குடம் பிடித்தேன்.

மறுநாள் நலச்சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. மனை வாங்க வந்த குடும்பம் ஒன்று புகையைப் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போய்விட்டதாகத் தரகர் வந்து சொன்னார். இப்படியே விட்டால் ஊரின் பெயர் என்னாவது என்று ஒருவர் கேட்டார். பலகையைக் கழற்றிவிடுவார்களே என்று இன்னொருவர் கவலைப்பட்டார். "நமது நகரத்தின் தூய காற்றுக்கு ஊறு விளைவித்த ஓட்டுநர் மீது உரிய நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்" என்று மனு தயாராயிற்று. எழுதியது நான். எழுதும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது, இடையிடையே குடித்துக்கொண்டேன். ஆயிரத்து நூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது கையெழுத்து நர்ஸ் அக்காவுடையது.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. புகை விட்டீர்களா என்று கேட்டார்கள். விட்டேன் என்றார் டிரைவர். ஏன் என்றார்கள். வண்டி ஓடியது என்றார். இதைத் திமிர் என்று பதிவு செய்துகொண்டார்கள். மனுவை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. அவரை என்ஜினிலிருந்து இறக்கி, பிளான்ட் புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் போட்டார்கள். யார்டு மாஸ்டர் விதிப்படியே நடந்ததால் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை, விதியை நீக்கிவிட்டார்கள்.

அடுத்த வார விடுமுறையில் டிரைவர் அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். என்னை அவர் பார்க்கவில்லை.

"நீயுமா அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"பின்ன? தெருவே போடுது, நான் மட்டும் எப்படிடா முடியாதுங்கறது? மக கல்யாணத்துக்கு விக்கலாம்னு நம்ம மனைய நம்பித்தானே இருக்கேன்," என்றாள் அக்கா. பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "தொட்டி ரொம்பினதுக்கு அப்புறம்தான் போட்டேன்."

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு கேனை எடுத்து வைத்தார். புல்லுக்குப் பாய்ச்சியதில் மிச்சம் பிடித்ததாம். அதன்பின் வாரா வாரம் ஒரு கேன் வந்தது. எதிர்வீடு என்பதால் எனக்கும் ஒரு சொம்பு கிடைக்கும்.

போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தூதுக்குழு வந்தது. அவர்களுக்கு இன்னும் டீசல் என்ஜின்தான். நடைக்கு நாற்பது டேங்கரும் தளும்பத் தளும்பப் போகிறது. ஆனால் பெயர் இல்லை, பலகை இல்லை, மனை கேட்டு ஒருவரும் வருவதில்லை. எங்களுக்குக் கிடைத்த ரயில் தங்களுக்கும் கிடைக்க யாரைப் பார்க்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். நலச்சங்கத்தில் தடபுடலாக வரவேற்றோம். அன்று வார விடுமுறை. அனுபவஸ்தர் என்று டிரைவரையும் மேடையில் உட்கார வைத்தோம். என்ஜின் எப்படி என்று அவரைக் கேட்டார்கள். அக்கா முதல் வரிசையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துளி புகை வராதுங்க," என்றார் டிரைவர்.

பலத்த கைதட்டல். அவர்கள் கொடுக்க வேண்டிய மனுவின் வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். தூதுக்குழு நன்றி சொல்லி விடைபெற்றது. அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்களைப் பாதி குடித்தும் குடிக்காமலும் மேஜையிலேயே விட்டுப் போயிருந்தார்கள். சங்கத் தலைவர் கதவைச் சாத்திவிட்டு, பதவி வரிசைப்படி பங்கிட்டார். எனக்கு முக்கால் டம்ளர் வந்தது. அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அந்த ரயில் கிடைக்க வேண்டும் என்று எல்லோரும் மனதார வாழ்த்திக் குடித்தோம்.