எட்டரைக்கு வந்த பத்து மணித் தண்ணீர்

பொய்யை நாமே சொல்லக் கூடாது. பிறர் நம்மைப் பற்றித் தப்பாக நினைக்கும்போது சும்மா இருந்துவிட வேண்டும். இருபத்து நாலு வயதில் இந்தக் கலையில் நான் மன்னன்.

ஜப்பான்காரன் வருவதற்கு முன் நான் மலாக்காவில் தண்ணீர் ஆபீசில் வேலை பார்த்தேன். சத்தியமான உண்மை. கடிதங்களை நகல் எடுக்கும் வேலை. குழாயை நான் தொட்டதெல்லாம் கை கழுவத்தான். (அதிலும் இரண்டு குழாய்களின் கைப்பிடி என் கையோடு வந்திருக்கிறது.)

ஜப்பான்காரன் வந்த பிறகு அந்த வேலை போனது; அப்போது என் மனைவி பூரணம் ஆறு மாத கர்ப்பிணி. செமாபோக்கில் என் அண்ணன் வீட்டுக் கூடத்தில், சேலைத் தடுப்புக்குப் பின்னால் நாங்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர். "பிள்ளை பிறக்கறதுக்குள்ள ஒரு பீலிக் பாருங்க. நாலு சுவரு, ஒரு கதவு, அது போதும்" என்று தினமும் கேட்டாள். ஊரில் பீலிக், அதாவது தனி அறை, கிடைப்பது குதிரைக் கொம்பு.

காஜா பெராங்கில் ஒரு மலாக்காச் செட்டி அம்மாள் வீட்டில் அறை காலி என்று தெரிந்தது. எல்லோருக்கும் அவர் பீபிக், நம் பெரியம்மா மாதிரி. தமிழ்க் கடவுள்களைக் கும்பிட்டு மலாய் மொழி பேசும் குடும்பம். அவர் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன்.

"தண்ணீர் ஆபீசா? நல்லதாப் போச்சு தம்பி. என் ஷவரோட தலை இத்துப் போய் விழுந்திடுச்சு. கடையில ஒண்ணும் இல்ல. புதுசா மாட்டிக் கொடு, பீலிக் உனக்குத்தான்."

நான் சும்மா இருந்தேன்.

வட்டமான சிகரெட் டின் ஒன்றைத் தேடி, அடியில் ஆணியால் துளை போட்டு, ஷவர் தலை தயாரித்தேன். அந்த வீட்டில் தண்ணீரை அடைக்கும் திருகு துருப்பிடித்து அசையாது. ஆனால் ஊருக்கே பத்து மணிக்குத்தான் தண்ணீர் விடுவார்கள். அதற்குள் முடித்துவிடலாம்.

குறித்த நாளில் எட்டரைக்குப் பூரணத்தோடு செமாபோக்கிலிருந்து நடந்தேன். பீபிக் வீட்டில் நுழைந்தால் சுவர்க் கடிகாரம் எட்டு மணி காட்டுகிறது! ஒரு மணி நேரம் நடந்து, கிளம்பியதற்கு அரை மணி முன்னால் வந்து சேர்ந்தால் எந்த மடையனுக்கும் உறைக்கும். நானோ, அண்ணன் வீட்டுக் கடிகாரத்தைத் திட்டினேன். (என் கைக்கடிகாரம் எப்போதோ சோளமாகி வயிற்றுக்குள் போயிருந்தது.)

இரண்டு மணி நேரம் இருக்கிறதே! பீபிக் கொடுத்த மரவள்ளிக் காப்பியைக் குடித்தேன். தண்ணீரின் குணம் பற்றிப் பூரணத்துக்குப் பாடம் எடுத்தேன். பிறகு நிதானமாகப் பழைய முனையைக் கழற்றினேன். கடிகாரம் எட்டரை அடித்தது.

குழாய் இருமியது. அடுத்த கணம் தண்ணீர் பாய்ந்து என் மூக்கில் அடித்தது. டின் பறந்தது. குளியலறைக் கதவு திறந்திருந்தது. எதிரே அடுப்படி மேசை. மேசையில் ஒரு பெரிய முறம் நிறைய அரிசி. பீபிக் மாதக்கணக்கில் பிடி பிடியாகச் சேர்த்தது. அன்று மாலை முன்னோர்களுக்கு ஒரு பானை சோறு படைத்துவிட்டு, மிச்சத்தை வருஷம் பூராவும் வைத்துக்கொள்வதாக இருந்தார். அத்தனையும் நனைந்தது.

நான் இரண்டு கையாலும் பொத்தினேன். தண்ணீர் விரலிடுக்கில் பீறிட்டுக் கூரையை நனைத்தது. பூரணம்தான் ஒரு மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து குழாய் வாயில் செருகி அடைத்தாள்.

"பத்து மணிக்குத்தானே தண்ணி வரும்?" என்று அலறினேன்.

"இப்ப பத்துதான்! ஜப்பான்காரன் ஊர்க் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால தள்ளினான். நான் தள்ளல. ராகுகாலம் சூரியனைப் பார்த்து வருது. சாமிக்குத் தோக்கியோ நேரம் தெரியுமா?" என்ற பீபிக், முறத்தைப் பார்த்துவிட்டு அழுதேவிட்டார். எனக்கு உயிரே போனது. அறையும் போயிற்று, அந்தம்மாள் அரிசியும் போயிற்று.

பூரணம் முறத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாள். "அழாதீங்க பீபிக். படையலுக்கு வேண்டியதை எடுத்து வைங்க. மிச்சத்தை இடிச்சு வறுத்துட்டா மாவு மாசக்கணக்கா தாங்கும். கொஞ்சம் புட்டும் அவிப்போம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? உலக்கையை எடுங்க!"

சாயங்காலம் வரை இடித்தேன். பூரணம் வறுத்தாள். மரவள்ளியே தின்று மரத்துப்போயிருந்த சந்தில் அரிசிப் புட்டு வாசனை கிளம்பியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். படையல் முடிந்து ஆளுக்கொரு பிடி புட்டு கிடைத்தது. அன்று அங்கே சிரித்த சிரிப்பை அதற்கு முன் ஒரு வருஷமாக நான் கேட்டதில்லை.

பீபிக் அறைச் சாவியைப் பூரணத்தின் கையில் வைத்தார்.

"பீலிக் உனக்கு. இவனும் வந்து இருக்கலாம். குழாய்ப் பக்கம் மட்டும் வரக் கூடாது."

அந்த அறையில்தான் எங்கள் மகள் பிறந்தாள். இப்போது கிளேபாங்கில் இருக்கிறாள். போன மாதம் அவள் வீட்டில் ஷவர் மாற்ற ஆள் வந்தபோது, "அப்பா, கடற்கரைப் பக்கம் நடந்துட்டு வாங்களேன்" என்றாள். பேரப்பிள்ளைகள் என் செருப்பையே எடுத்துக் கொடுத்தார்கள். திரும்பி வந்தால், அந்த ஆள் ஐந்தே நிமிடத்தில், ஒரு சொட்டுச் சிந்தாமல் மாட்டிவிட்டுப் போனானாம்.

கெட்டிக்காரன்தான். ஆனால் அவனுக்கு யாரும் சாவி கொடுக்கவில்லையே!